நீலகிரியில் ராக் குழுவும் பழங்குடி இசைக்கலைஞரும் சேர்ந்து பாடுவதற்கு முன்

கேள்வி: குன்னூரில் ஒரு ராக் இசைக்குழு நடத்துகிறோம். கோத்தர், இருளர், பணியர் இசைக்கலைஞர்களோடு சேர்ந்து, வன உரிமை கோரி ஓர் ஆல்பம் வெளியிட விரும்புகிறோம். வேறு நாடுகளில் ராக் கலைஞர்கள் இப்படிச் செய்ததால் பழங்குடி மக்களுக்கு உண்மையில் நீதி ஏதும் கிடைத்திருக்கிறதா? நாங்கள் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: கிடைத்திருக்கிறது. ஆனால் பாட்டினால் மட்டும் கிடைத்த இடம் என்று ஒன்றைக்கூட என்னால் காட்ட முடியவில்லை. அந்த மக்கள் தாங்களே கூடிப் பேசி, இன்னது வேண்டும் என்று வரையறுத்து, அதற்காக நீதிமன்றத்திலோ தெருவிலோ ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த இடங்களில், பாட்டு அந்தக் கோரிக்கையைக் கேட்க மறுத்தவர்களின் வீடுவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. அத்தகைய கோரிக்கை இல்லாத இடங்களில் பாட்டு புகழ்பெற்றது, பாடியவர் புகழ்பெற்றார், காடு இருந்தபடியே இருந்தது. ஆகவே உங்கள் முதல் வேலை கிட்டாரோடு தொடங்குவதன்று.

ஆஸ்திரேலியாவின் மிட்நைட் ஆயில் குழுவைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நகரங்களில் பெரிய அரங்குகளை நிரப்பிக்கொண்டிருந்த அந்த வெள்ளையர் குழு, 1986இல் வாரும்பி பேண்ட் என்ற குழுவோடு சேர்ந்து, நாட்டின் நடுப்பகுதியிலும் வடக்கிலும் உள்ள தொலைதூரப் பழங்குடிக் குடியிருப்புகளுக்குப் பயணம் போனது. வாரும்பி பேண்ட் பப்புன்யா என்ற பாலைவனக் குடியிருப்பில் உருவான குழு. 1983இலேயே லுரிட்ஜா மொழியில் ஒரு ராக் பாடலை இசைத்தட்டாக வெளியிட்டிருந்தது. பழங்குடி மொழியொன்றில் வெளிவந்த முதல் ராக் இசைத்தட்டாக அது கருதப்படுகிறது. பழங்குடிக் கலைஞர்களைத் தம் நகர மேடைக்கு அழைத்துவந்து இரண்டு பாட்டுக்கு நிறுத்திவிட்டு அனுப்பும் வழக்கத்துக்கு மாறாக, பெரிய குழு சிறிய ஊர்களுக்குப் போய், அந்த ஊர்களில் தன்னைவிட நன்கு அறியப்பட்ட குழுவின் பக்கத்தில் நின்று வாசித்தது. அந்தப் பயணத்தின் விளைவுதான் 1987இல் வந்த 'டீசல் அண்ட் டஸ்ட்' ஆல்பம். பிண்டுபி மக்களின் நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கேட்கும் 'பெட்ஸ் ஆர் பர்னிங்' என்ற பாடல் அதில் இருக்கிறது. அந்தப் பாடலில் எனக்குப் பிடித்த நேர்மை, பாடகர் பிண்டுபி மனிதராக வேடம் கட்டிக்கொள்ளாமல், நிலத்தைப் பறித்தவர்களின் வழிவந்தவராக நின்று தம்மவர்களைப் பார்த்தே பேசுகிறார் என்பது.

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழாவில் இதே குழு, 'மன்னியுங்கள்' என்ற சொல் அச்சிட்ட கறுப்பு உடையோடு மேடையேறியது. பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோன கொடுமைக்கு அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்க மறுத்துவந்த பிரதமர் அப்போது பார்வையாளர் இருக்கையில் இருந்தார். மன்னிப்பு 2008 பிப்ரவரியில், வேறொரு பிரதமரின் வாயிலிருந்து வந்தது. உடைக்கும் மன்னிப்புக்கும் நேர்க்கோடு போட நான் விரும்பவில்லை. எட்டு ஆண்டுகள் இடையில் இருக்கின்றன. அந்த ஆண்டுகளில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாத பழங்குடித் தாய்மார்களும் வழக்கறிஞர்களும்தாம்.

யோத்து யிந்தி குழுவின் 'ட்ரீட்டி' என்ற பாடலும் அப்படித்தான். 1988இல் பாருங்கா என்ற ஊரில், பழங்குடி மக்களோடு முறையான உடன்படிக்கை செய்துகொள்வதாகப் பிரதமர் பாப் ஹாக் வாக்களித்தார். அந்த வாக்கு காற்றோடு போனது. 1991இல் யோல்ங்கு இனத்தவரான மண்டவுய் யுனுபிங்கு தம் குழுவோடு அதைப் பாடலாக்கினார். பால் கெல்லி, மிட்நைட் ஆயிலின் பீட்டர் காரெட் ஆகிய ராக் கலைஞர்கள் பாடலாக்கத்தில் பங்கேற்றார்கள். ஒரு பகுதி யோல்ங்கு மக்களின் தாய்மொழியிலேயே இருந்தது. மேடையின் நடுவில் நின்றவர் யுனுபிங்கு. புகழ்பெற்ற நண்பர்கள் பின்னால் நின்றார்கள். நடன அரங்குக்காக மாற்றியமைக்கப்பட்ட வடிவத்தில் அது நாடு முழுதும் ஒலித்தது. ஆயினும் தேசிய அளவில் உடன்படிக்கை இன்றுவரை கையெழுத்தாகவில்லை. இதே காலத்தில் நிலம் யாருக்கும் சொந்தமாக இருக்கவில்லை என்ற பழைய சட்டக் கற்பனையை உடைத்தது, டோரஸ் நீரிணையின் மரே தீவைச் சேர்ந்த எடி மாபோவும் அவரது தீவினரும் 1982இல் தொடுத்து, 1992 ஜூன் 3 அன்று தீர்ப்பான வழக்கு. மாபோ அதைக் கேட்க உயிரோடு இல்லை. சில மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டார்.

பாட்டின் எல்லையை அறிய 2023 அக்டோபர் 14ஐப் பாருங்கள். நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் குரலைப் பழங்குடி மக்களுக்குத் தரும் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு அன்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு கேட்ட விளம்பரத்துக்கு, அந்த நாட்டில் அனைவரும் அறிந்த ஒரு ராக் பாடலை அதன் பாடகர் ஜான் ஃபார்ன்ஹாம் கொடுத்து உதவினார். மிட்நைட் ஆயிலும் 2020இல் பழங்குடிப் பாடகர்களோடு சேர்ந்து இதே கோரிக்கைக்காக ஒரு தொகுப்பு வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ 60 சதவீதம் பேர் எதிராக வாக்களித்தார்கள். ஒரு மாநிலம்கூட ஆதரிக்கவில்லை.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் ராக் பாடகர் கோர்ட் டவுனி, உறைவிடப் பள்ளியிலிருந்து தப்பித் தன் ஊருக்கு நடந்தே போக முயன்று 1966இல் குளிரில் இறந்த சேனி வென்ஜாக் என்ற 12 வயதுப் பழங்குடிச் சிறுவனைப் பற்றி, தாம் புற்றுநோயில் இருந்த 2016இல் ஓர் ஆல்பம் செய்தார். அதன்பின் இரு குடும்பங்களும் சேர்ந்து ஒரு நிதியம் தொடங்கின. பள்ளிகளில் இந்த வரலாற்றைக் கற்பிக்கும் வேலை அதன்வழி நடக்கிறது. பிரேசிலின் செபுல்டுரா என்ற மெட்டல் குழு 1996ஆம் ஆண்டு ஆல்பத்துக்காக ஷவான்தே மக்களின் ஊருக்கே போய் அவர்களோடு பதிவு செய்தது. இசையாக அது பெரிய சாதனை. உரிமைப் போராட்டமாக அதைச் சொல்ல நான் தயங்குவேன். இங்கிலாந்துப் பாடகர் ஸ்டிங் 1989இல் பிரேசிலின் கயாபோ பழங்குடித் தலைவர் ரவோனியோடு பல நாடுகள் சுற்றிக் காட்டு நிலத்துக்கான நிதி திரட்டினார்; பாடகரின் படம் பெரிதாகவும் தலைவரின் பேச்சு சிறிதாகவும் போகும் ஆபத்துக்கு அது எடுத்துக்காட்டாகவும் பேசப்படுகிறது.

இவ்வளவு தூரம் போகாமல் பழனி மலையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. அது ராக் இசையன்று, ராப். பாதிக்கப்பட்டவர்களும் பழங்குடியினர் என்ற வகையில் திரண்டவர்கள் அல்லர், ஆலைத் தொழிலாளர்கள். இருந்தாலும் உங்களுக்கு மிகவும் பயன்படும். கொடைக்கானலில் இயங்கிய பாதரச வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்டது. பாதரச நச்சினால் உடல்நலம் கெட்டதாகச் சொன்ன முன்னாள் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டு, ஆண்டுக்கணக்கில் மனு, போராட்டம், உயர்நீதிமன்ற வழக்கு என்று நடந்துகொண்டிருந்தார்கள். 2015 ஜூலை இறுதியில் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் காணொளி வெளிவந்து உலகம் முழுதும் பரவியது. 2016 மார்ச்சில் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு செய்துகொண்டது. பதினைந்து ஆண்டு உழைப்பின் கடைசி எட்டு மாதத்தில் பாட்டு வந்தது என்பதைக் கவனியுங்கள். பாடலில் கேட்கப்பட்டது, சங்கம் ஏற்கெனவே எழுதிக் கையில் வைத்திருந்த கோரிக்கை. கேட்டவர்கள் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் அதோடு சேர்த்தே சொல்லப்பட்டது. மண்ணைத் தூய்மை செய்யும் அளவுகோல் பற்றிய தகராறு அதோடு முடியவில்லை. அதற்காக 2018இல் இன்னொரு பாடல் தேவைப்பட்டது, அதில் டி.எம். கிருஷ்ணாவும் பாடினார்.

இனி நம் மலைக்கு வருவோம். இங்கே கோரிக்கையைப் புதிதாகக் கண்டுபிடிக்கும் தேவை உங்களுக்கு இல்லை. 1988 டிசம்பரில் கூடலூரில் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் நில உரிமை கேட்டு ஊர்வலம் போனபோது, உங்களில் யாரும் பிறந்திருக்க மாட்டீர்கள். ஆதிவாசி முன்னேற்ற சங்கம் அன்றிலிருந்து இயங்குகிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வந்தபிறகு, நீதிமன்றத் தடையால் தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் பட்டா வழங்க முடியாமல் இருந்தது. 2016இல்தான் அந்தத் தடை நீங்கியது. தனிநபர் உரிமை, சமூக உரிமை, காட்டைத் தாங்களே காத்து ஆளும் உரிமை என்று மூன்று அடுக்குகள் அச்சட்டத்தில் உள்ளன. எந்த ஊருக்கு எது நிலுவையில் இருக்கிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். 'காடு எங்கள் தாய்' என்று பல்லவி எழுதுவதற்கு முன், நீங்கள் வாசிக்கப்போகும் கலைஞரின் ஊர் கிராம சபை எந்த மனுவைக் கொடுத்தது, அது கோட்ட அளவுக் குழுவில் நிற்கிறதா மாவட்ட அளவுக் குழுவில் நிற்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பொதுவான இரக்கத்தைப் பாடும் பாட்டுக்கு அதிகாரி பதில் சொல்ல வேண்டியதில்லை. மனுவின் பெயர் சொல்லும் பாட்டுக்குச் சொல்ல வேண்டிவரும்.

பழங்குடிப் பாடல்கள் சில, தாமே நிலப் பதிவேடாக இருப்பவை என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். தோடர் பாடல்களில் மந்து எனப்படும் அவர்கள் குடியிருப்புகளின் பெயர், குலத்தின் பெயர், எருமையின் பெயர், குன்றின் பெயர் என்று இணையிணையான தொடர்களில் வந்துகொண்டே இருக்கும். எமனோ என்ற மொழியியலாளர் 1930களில் கேட்டுத் திரட்டி, 1971இல் வெளியிட்ட பெருந்தொகுப்பு இதற்குச் சான்று. அப்பாடல்களில் வரும் புல்வெளிகள் பலவற்றில் இன்று சீகை மரமும் தைல மரமும் நிற்கின்றன. கனடாவில் கிட்சான், வெட்சுவெட்டென் மக்கள் தொடுத்த நில வழக்கில் மூத்த பெண்மணி ஒருவர் தம் குலத்தின் பாடலை நீதிமன்றத்தில் சான்றாகப் பாட முன்வந்தபோது, தமக்குப் பாட்டுக் கேட்கும் காது கிடையாது என்றும் பாடிக்காட்டிப் பயனில்லை என்றும் நீதிபதி சொன்னார். 1991இல் வழக்கு தோற்றது. 1997 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வாய்மொழி வரலாறுகளுக்கும் உரிய எடை தர வேண்டும் என்று சொல்லி, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது.

நம் வன உரிமைச் சட்ட விதிகளில் பாட்டு என்ற சொல் இல்லை. ஆனால் 13ஆம் விதி, ஊர்ப் பெரியவர்கள் சொல்லி எழுதப்பட்ட வாக்குமூலத்தையும், புனித மரம், கோயிற்காடு, குளம், இடுகாடு போன்ற அடையாளங்களையும் சான்றாக ஏற்கிறது. பாடலில் வரும் இடப்பெயர்களைப் பெரியவர்களோடு நடந்துபோய்க் குறித்து, அதை வாக்குமூலமாக்கிக் கிராம சபைக்குக் கொடுக்க முடியும். உங்களிடம் நல்ல ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது; ஆல்பத்துக்காகப் பதிவு செய்வதை இந்த வேலைக்கும் பதிவு செய்து ஊரிடம் கொடுத்தால், அந்த ஒரு காரியம் ஆல்பத்தைவிட நெடுநாள் பயன்தரக்கூடும்.

கோத்தர் இசையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் நீலகிரியில் வாத்திய இசை என்றாலே வெளியார் முதலில் தேடிப்போவது அவர்களைத்தான். கொள் என்ற குழலும், தோல் மேளங்களும், வளைந்த கொம்பும் சேர்ந்த அந்த இசையைக் கோத்தர்கள் முன்பு படுகர் வீட்டுச் சாவுக்கும் வாசித்தார்கள். அது கடமையாகவும் தாழ்வாகவும் பார்க்கப்பட்டபோது, கடந்த நூற்றாண்டில் படிப்படியாக அதைக் கைவிட்டார்கள். தமிழ்நாட்டில் பறையடிக்க மறுத்தவர்களின் வரலாற்றோடு இதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு விளங்கும். பிறருக்காக வாசிப்பது அவர்களுக்கு வெறும் கலைநிகழ்ச்சியாக இருந்ததில்லை. கோடை விழாவில் அமைச்சர் வரும்வரை வெயிலில் நின்று ஆடச் சொல்லும் பழக்கமும் இதே மலையில்தான் இருக்கிறது. எனவே கோக்கால் எனப்படும் கோத்தர் ஊருக்குப் போய், 'உங்கள் இசை அற்புதம், எங்களோடு வாருங்கள்' என்று நீங்கள் சொல்லும்போது, மறுப்பு வந்தால் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அவர்கள் இசைவு தந்தாலும் எல்லா மெட்டும் கேட்கக் கூடியவை அல்ல. தெய்வத்துக்கு வாசிப்பவை, சாவுக்கு வாசிப்பவை, ஆட்டத்துக்கு வாசிப்பவை என்ற பிரிவு அங்கே கண்டிப்பானது. சாவு மெட்டை ஸ்டுடியோவில் வாசிக்கச் சொல்வது, அதன் சோகம் உங்கள் கிட்டாருக்கு எவ்வளவு பொருந்தினாலும், முறையன்று. ஆட்ட மெட்டுகளோடு நின்றுகொள்ளுங்கள். எது எந்த வகை என்பதை முடிவு செய்வது அந்த ஊரார் பொறுப்பு. பணியரின் துடி என்ற மேளத்துக்கும் இருளரின் குழலுக்கும்கூட இப்படி இடமும் பொழுதும் உண்டு என்று எண்ணிக்கொண்டே போங்கள்.

இசை நுட்பத்தில் ஒன்று மட்டும். கொள்ளின் சுருதி உங்கள் கீபோர்டின் சுருதிக்கு ஒத்துவராது. அதைக் கணினியில் நேராக்கினால் அது கொள்ளாக இருக்காது. கிட்டாரைத்தான் அதற்கு ஏற்ப இறக்கிக் கட்ட வேண்டும். மேளத்தின் சுற்று ஒருபுறமும் குழலின் மெட்டு மறுபுறமும் தளர்ந்து போய், குறிப்பிட்ட இடங்களில் வந்து சந்திக்கும் இசை அது. கடிகாரம்போல் தாளம் தட்டும் கிளிக் டிராக்கைக் காதில் மாட்டிவிட்டு வாசிக்கச் சொன்னால் மூத்த கலைஞர் வாத்தியத்தைக் கீழே வைத்துவிடுவார், அது நியாயமும்கூட. உங்கள் டிரம்ஸ்காரர் சில காலம் அவர்கள் மேளத்தோடு உட்கார்ந்து பழகட்டும். பாடல் முழுதும் அவர்கள் தாளத்தில் நடந்து, உங்கள் வாத்தியங்கள் வந்து சேர்ந்துகொள்வதாக அமைந்தால், ஆல்பம் கேட்பவருக்கு யார் வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்பது சொல்லாமலே தெரியும்.

பணமும் பெயரும். தைவானின் ஆமிஸ் பழங்குடியைச் சேர்ந்த டிஃபாங் என்ற முதியவர் பாடிய பாட்டு, 1990களில் எனிக்மா என்ற ஐரோப்பிய இசைத்திட்டத்தின் பாடலில் அவருக்குத் தெரியாமலே இடம்பெற்று, உலகெங்கும் விற்றது. அட்லாண்டா ஒலிம்பிக் விளம்பரத்திலும் ஒலித்தது. அவர் வழக்குத் தொடுத்த பிறகே 1999இல் சமரசம் ஏற்பட்டது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் மரபுப் பாடலை யாருடைய சொத்தாகவும் காண்பதில்லை. ஆனால் அதை 'இசையமைத்து' வெளியிடுபவருக்கு அந்த அமைப்பின்மேல் உரிமை தருகிறது. இந்தப் பள்ளத்தில்தான் பழங்குடிக் கலைஞர் விழுகிறார். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த 38ஏ, 38பி பிரிவுகளின்படி, நிகழ்த்துநருக்கு வணிகப் பயன்பாட்டில் பங்கும், தம் பெயர் குறிப்பிடப்படும் உரிமையும், தம் நிகழ்த்துதல் சிதைக்கப்பட்டால் எதிர்க்கும் உரிமையும் உண்டு. ஆயினும் சட்டத்தில் இருப்பது கைக்கு வர ஒப்பந்தம் வேண்டும். 'எஞ்சாய் எஞ்சாமி' பாடலுக்கு நேர்ந்ததை நீங்கள் அறிவீர்கள்: 2021இல் ஓர் இசை இதழின் அட்டையில் அதன் பாடகர்களில் ஒருவரான அறிவு இடம்பெறாமல் போனது, யார் எதை ஆக்கினார் என்று பின்னர் பொதுவெளியில் வாக்குவாதம் எழுந்தது, தங்களில் எவருக்குமே அதிலிருந்து வருவாய் வரவில்லை என்று 2024இல் சந்தோஷ் நாராயணன் சொன்னார். கோடிக்கணக்கானோர் கேட்ட பாடலின் கதை இதுவென்றால், வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடத் தயங்கும் துடிக் கலைஞரின் நிலையை எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆகவே ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும். ஊரார் முன் வாசித்துக் காட்டப்பட வேண்டும். பாடல் ஆக்கியோர் வரிசையில் கலைஞர்களின் பெயர் உங்கள் பெயருக்கு முன்னே வர வேண்டும்; 'மரபுப் பாடல்' என்று மட்டும் போட்டுத் தப்பிக்கக் கூடாது. எந்த ஊரின், எந்த மக்களின் மரபு என்பதையும் எழுத வேண்டும். மூலப் பதிவின் ஒரு படி அவர்களிடம் இருக்க வேண்டும். திரைப்படமோ விளம்பரமோ கேட்டு வந்தால், குறிப்பாகத் தேயிலை நிறுவனமோ சுற்றுலா விடுதியோ கேட்டு வந்தால், அவர்கள் இசைவு இல்லாமல் கொடுக்க முடியாது என்ற விதி கட்டாயம் வேண்டும். அட்டப்பாடியின் இருளர் பாடகி நஞ்சியம்மாவுக்கு 2022இல் தேசிய விருது அறிவிக்கப்பட்டபோது, முறையாகச் சங்கீதம் கற்காதவருக்கு இதைக் கொடுக்கலாமா என்று கேட்ட இசைக்கலைஞர்களும் இருந்தார்கள். உங்களோடு வாசிப்பவருக்கும் அந்தக் கேள்வி வரும். பேட்டிகளில் அதற்குப் பதில் சொல்ல அவரையே விட்டுவிடுங்கள், நீங்கள் முந்திக்கொண்டு வாதாட வேண்டாம்.

கடைசியாக, கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பாடுவதானால் கூடுதல் கவனம் தேவை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர்களுக்கு வேலை தருவதற்காக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் அங்கே பெரும்பாலும் வன நிலத்தில் அமைந்தவை. 2022இல் அத்தோட்டங்களை நடத்தும் டான்டீ என்ற அரசு நிறுவனத்தின் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பித் தர அரசு முடிவு செய்தபோது, வீடும் வேலையும் போகுமோ என்று அந்தத் தொழிலாளர்கள் அஞ்சினார்கள். இதே மண்ணில் பணியரும் காட்டுநாயக்கரும் தங்கள் மூத்தோரின் இடத்தைக் கேட்கிறார்கள். பறிகொடுத்த இரு மக்களை ஒரே நிலத்தில் எதிரெதிரே நிறுத்தியது அவர்கள் இருவரும் அல்லர். 'வந்தேறிகளே வெளியேறுங்கள்' என்ற தொனியில் ஒரு வரி உங்கள் பாடலில் நுழைந்துவிட்டால், அதைக் கைதட்டி வரவேற்பவர்கள் யார் என்று பார்த்துத் திகைப்பீர்கள். பாட்டை முடிவு செய்யும் முன் ஆதிவாசி சங்கத்தாரிடம் காட்டுவது போலவே தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருப்பவர்களிடமும் ஒருமுறை பாடிக் காட்டுங்கள். குன்னூர்க் குழு என்கிறீர்கள், அந்த வீடுகளிலிருந்து வந்தவர் ஒருவராவது உங்களுக்குள்ளேயே இருக்கக்கூடும், அவரிடமிருந்து தொடங்கலாம்.